ரிலீஸுக்கு முன் ஒருமுறை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (எத்தனை பேர் வந்தால் தளம் உடையும் என்று பார்க்கும் சோதனை) செய்தால் போதாதா, ஒவ்வொரு வாரமும் ஏன்?

போதாது. இதைக் கேட்கச் சொன்னது உங்கள் மேனேஜராகத்தான் இருக்கும். நானும் "அதுதான் ஜூனில் செய்தாச்சே" என்று சொன்ன ஆள்தான்.

மட்டக்களப்பு டவுனில் ஏழு பேர் வேலை செய்யும் சின்ன இடம் எங்களுடையது. க்யூஏ, அதாவது மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் ஆள், நான் ஒருத்திதான். கல்முனைப் பக்கத்து ரியூட்டரி (டியூஷன் நிலையம்) ஒன்றுக்கு, ஏ/எல் (உயர்தரம்) படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே மாதிரிப் பரீட்சை எழுதும் தளம் செய்து கொடுத்தோம். ஜூனில், போலிப் பயனர்களை அனுப்பித் தளத்தைச் சோதிக்கும் ஜேமீட்டர் என்ற கருவியால் 600 பேரை ஒரே நேரத்தில் லொகின் செய்ய விட்டேன். தளம் அசையவில்லை.

செப்டம்பரில் ரியூட்டரி சேர், "லொகின் பண்ணின உடனே பிள்ளைக்குத் தன்ட ரேங்க் தெரியணும்" என்றார். ஒரு நாள் வேலை. நானும் ஒரு பிள்ளையாக உள்ளே போய்ப் பார்த்தேன், ரேங்க் வந்தது, பாஸ் போட்டுவிட்டேன். ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் பரீட்சை. ஏழு ஐந்துக்கு ஒரு தாய் கோல் எடுத்தா: "தங்கச்சி, சுத்திக்கிட்டே கிடக்கு, மறுகா வெள்ளையாப் போகுது."

நடந்தது இதுதான். தளத்தை ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதியிருந்தோம். அதில் டேட்டாபேஸுக்கான இணைப்புகளைப் பங்கிட்டுக் கொடுப்பது ஹிக்காரி பூல், அது தானாக வைத்திருப்பது 10 இணைப்புகள். முன்பு ஒரு லொகினுக்கு 40 மில்லிசெகண்ட் போனது, அதாவது பத்து இணைப்பிலும் சேர்த்துச் செகண்டுக்கு 250 பேர். ரேங்குக்காக ஒவ்வொரு லொகினிலும் டேட்டாபேஸின் முழு டேபிளையும் அடுக்கத் தொடங்கியதும் அது இரண்டு செகண்டானது. செகண்டுக்கு ஐந்தே பேர். பூலில் காத்திருக்க 30 செகண்ட்தான் அவகாசம், அதற்குள் 150 பேர் உள்ளே போக, மற்றவர்களுக்கு எரர். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ரிஃப்ரெஷ் அடித்து வரிசையை இன்னும் நீட்டினார்கள்.

"பூலைப் பெரிசாக்கியிருக்கலாமே" என்று கீழே எழுத வருவீர்கள். அன்றிரவே 50 ஆக்கினோம். ஐம்பதும் ஒரே டேபிளில் விழுந்து இன்னும் மெதுவானது, அவ்வளவுதான். மறுநாள், விடைத்தாள் திருத்தி முடிந்ததும் ரேங்கை ஒருமுறை கணக்கிட்டுச் சேமிக்கிறமாதிரி மாற்றினோம்.

இப்போது ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்கு டெஸ்ட் தானாக ஓடும். திரை இல்லாமல் கமாண்ட் லைனில்தான் ஓட்ட வேண்டும், ஜேமீட்டர்காரரே அப்படித்தான் சொல்கிறார்கள். நூற்றுக்கு 95 கோரிக்கைகள் ஒன்றரை செகண்டுக்குள் முடியாவிட்டால் பில்ட் விழும், அதாவது அந்தப் புதுப் பதிப்பு வெளியே போகாது. சனி இரவு மட்டும் தளம் உடையும்வரை ஆட்களைக் கூட்டிக்கொண்டே போகும். போன சனி 900 பேரில் உடைந்தது இந்தச் சனி 700 இல் உடைந்தால், அந்த வாரம் எந்தக் கோட் (code) மாற்றம் உள்ளே போனது என்று தேடுவோம். டேட்டாபேஸில் உண்மையான அளவுக்கு வரிகள் இருக்கட்டும், 50 வரி வைத்துக்கொண்டு செய்வது விளையாட்டு. முதல் மாதம் ஒபிஸ் இன்டர்நெட் லைனிலிருந்தே ஓட்டி, தளத்தை விட்டுவிட்டு எங்கள் ரவுட்டரைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம். அது வேறு கதை.

உங்களுடையது பத்துப் பேர் பாவிக்கும் உள்வீட்டு மென்பொருள் என்றால் இவ்வளவு வேண்டாம், சண்டைக்கு வராதீர்கள்.

அந்த ஞாயிறு இரவு விடியும்வரை லொக் (சேர்வரின் பதிவேடு) பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "கச்சேரியில ஒரு கவர்மென்ட் வேலை எடுத்திருந்தா இந்தப் பாடு வருமாகா?" என்றா. டிகிரி முடித்து ஆறு வருசம். ஊரில் இன்னும் என்னை "வேலை கிடைக்காத பிள்ளை" என்றுதான் சொல்கிறார்கள், அவர்களுடைய பிரின்டர் பழுதானால் மட்டும் நான் என்ஜினியர்.