முதல் டிரையத்லானுக்கு முன் நீச்சல்: மலையிலிருந்து மூன்று கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 38. கோத்தகிரியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். தேயிலைத் தோட்டச் சாலைகளில் 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவேன். சைக்கிளில் ஏற்றமும் எனக்குப் பழக்கமானதுதான். இன்னும் மூன்று மாதத்தில் சென்னைக்கு அருகே கடலில் நீந்தித் தொடங்கும் ஸ்பிரின்ட் டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டியின் குறுந்தூர வடிவம்) முதன்முறையாகக் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆனால் குளத்தில் 50 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவைக்கு இறங்கி வந்து நீந்த முடிகிறது. அங்கே என் அக்கா வீடு இருக்கிறது. போட்டியில் உள்ள 750 மீட்டரை என்னால் நீந்த முடியுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முடியும். மூன்று மாதம் போதுமான காலம்தான். ஆனால் அந்தக் காலத்தை எதில் செலவிடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடுகிறேன். உங்கள் உடலின் தாங்குதிறனில் குறையில்லை. கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்த உயரத்தில் நின்றுகொண்டு 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு, சமவெளிக் குளத்தில் 50 மீட்டருக்குள் மூச்சு தீர்ந்துபோகக் காரணமே இல்லை. முகம் நீருக்குள் இருக்கும்போது நீங்கள் மூச்சை அடக்கி வைக்கிறீர்கள் என்பதே என் ஊகம். அப்படி அடக்கிவிட்டு, தலையைத் திருப்பும் அந்த அரை நொடிக்குள் பழைய காற்றை வெளியேற்றிப் புதிய காற்றையும் இழுக்க வேண்டியிருப்பதால், இரண்டுமே அரைகுறையாக நிற்கின்றன. நான்கைந்து சுற்றுக் கைவீச்சுக்குள் உடலில் கரியமில வாயு சேர்ந்துவிடுகிறது. மூச்சுத் திணறுகிற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. ஆகவே நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம், முகம் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் சீராக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருப்பது. தலை திரும்பும்போது உள்ளே இழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும்.

இதற்குக் கோவைக்குப் போக வேண்டியதில்லை. அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, நீச்சல் கண்ணாடியை அணிந்துகொண்டு முகத்தை நெற்றி வரை அமிழ்த்தி, “ம்ம்ம்” என்று முனகுங்கள். முனகும்போது காற்று தானாகவே மூக்கு வழியாக வெளியேறும். குமிழிகள் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வர வேண்டும். பிறகு முகத்தைத் தூக்காமல், ஒரு கண் நீரிலேயே இருக்கும்படி பக்கவாட்டில் திருப்பி வாயால் காற்றை இழுத்து, மறுபடியும் முனகத் தொடங்குங்கள். காலையில் ஐந்து நிமிடம் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இதை மூச்சடக்கும் போட்டியாக மாற்றிவிடாதீர்கள். வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் அடக்கிக் காட்டுவது, எந்த முன்னறிவிப்பும் இன்றி நினைவு தப்பச் செய்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட அப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

அடுத்தது உடல் கிடக்கும் நிலை. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும், இடுப்பும் கால்களும் இறங்கும். இது எல்லோருக்கும் உள்ள இயல்பு. அக்கரைச் சுவர் தெரிகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்க்கும்போது கால்கள் இன்னும் கீழே போய்விடுகின்றன. காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், சாய்வாகக் கிடக்கும் உடலை இழுத்துச் செல்வதற்கே உங்கள் சக்தி முழுவதும் செலவாகிவிடுகிறது. பார்வை நேர் கீழே, குளத்தின் தரையில் பதித்த ஓடுகளின் மேல் இருக்கட்டும். உச்சந்தலை முன்னோக்கி இருக்கட்டும். கால் அடிக்கும் அசைவு முழங்காலிலிருந்து அல்லாமல் இடுப்பிலிருந்து, சிறியதாக வர வேண்டும். அடுத்து 20 கிலோமீட்டர் சைக்கிளும் 5 கிலோமீட்டர் ஓட்டமும் காத்திருப்பதால், கால்களால் அடித்து வேகம் கூட்டும் எண்ணமே வேண்டாம். உடலைச் சமநிலையில் வைத்திருக்கும் அளவுக்கு அடித்தால் போதும்.

ஓடுபவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் பெரும்பாலும் கணுக்கால் இறுக்கமாக இருக்கும். பாதம் பின்னோக்கி நீளாமல் கொக்கி போட்டு நிற்பதால், அடிக்க அடிக்க நீர் பின்னால் இழுக்கும். தினமும் சில நிமிடம் வஜ்ராசனத்தில் அமர்ந்தால் கணுக்கால் மெல்ல இளகும். முழங்காலில் வலி இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, இடுப்பை வளைத்துக் குனிந்து நின்று, முழங்கை உயரத்திலேயே இருக்க முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து பின்னோக்கித் தள்ளுகிற அசைவைப் பழகுங்கள். முழங்கை சரிந்தால் நீரில் கை வழுக்கிக்கொண்டுதான் போகும்.

இனி கோவைப் பயணத்துக்கு வருவோம். அக்கா வீடு இருப்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. முடிந்த வாரங்களில் சனிக்கிழமை மதியமே இறங்கிவிடுங்கள். ஞாயிறு அன்று இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட, சனி மாலை 45 நிமிடமும் ஞாயிறு காலை 45 நிமிடமும் நீந்துவது பல மடங்கு பலன் தரும். நீரின் பிடிமானம் கைக்குப் பழகுவது அடுத்தடுத்துச் சந்திப்பதால்தான்.

முதல் நான்கு வாரம் தூரத்தைக் கணக்கிட வேண்டாம். தவறான எழுத்தை நூறு முறை எழுதச் சொன்னால் மாணவருக்கு எது பதியும் என்பது ஆசிரியையான உங்களுக்குத் தெரியும். திணறிக்கொண்டே போடும் சுற்றுகளும் அப்படியே பதிந்துவிடும். 25 மீட்டர் குளமானால் ஒரு நீளம் மட்டும் நீந்தி நின்று, மூச்சு முழுவதும் சீரான பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். சில நீளங்களில் ஒரு கையை முன்னே நீட்டிப் பக்கவாட்டில் படுத்தபடி கால் மட்டும் அடியுங்கள். சிலவற்றில் ஒரு கை வந்து சேர்ந்த பிறகே மறு கை புறப்படட்டும். நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுங்கள். அந்த எண் மெல்லக் குறைந்துவருவதே முன்னேற்றத்தின் நம்பகமான அடையாளம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து 50 மீட்டர் வீதம் பத்து முறை, இடையில் 30 நொடி ஓய்வு என்று தொடங்கி, வாரந்தோறும் ஓய்வைக் குறையுங்கள். பிறகு 100 மீட்டர், 200 மீட்டர் என்று நீட்டலாம். 400 மீட்டர் தொடர்ந்து நீந்த முடிந்ததும் ஒரு கணக்குப் போடுங்கள்: 400 மீட்டருக்கு 10 நிமிடமும், நன்கு ஓய்வெடுத்த பின் 200 மீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடியும் ஆகிறது என்றால், வித்தியாசமான 5 நிமிடம் 20 நொடியில் பாதி, அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 நொடி என்பது, நீங்கள் ஓரளவு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். முதல் போட்டியில் அதைவிடச் சற்று மெதுவாகவே நீந்துங்கள். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு குளத்தில் 1000 மீட்டரை நிதானமாக முடித்துவிட்டால், 750 உங்களைப் பயமுறுத்தாது.

கடல் வேறு. அங்கே தரையில் கோடு இல்லை. ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி முன்னே பார்த்து, போட்டிப் பாதையைக் குறிக்கும் மிதவை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, உடனே தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் மூச்செடுக்க வேண்டும். இதைக் குளத்திலேயே பழகலாம். இரு பக்கமும் மூச்செடுக்கத் தெரிந்திருந்தால், அலை வரும் பக்கத்தைத் தவிர்த்து மறுபக்கம் திரும்பலாம். போட்டிக்கு முன் ஒருமுறையாவது, கடல் அறிந்த பயிற்றுநரோடும் இடுப்பில் கட்டும் மிதவையோடும் கடலில் நீந்திப் பாருங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். போட்டியன்று கூட்டத்தின் ஓரத்திலோ பின்னாலோ நின்று தொடங்கி, முதல் 100 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். களைப்பாக இருந்தால் மிதவையையோ மீட்புப் படகையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம்; அதைக்கொண்டு முன்னேறாதவரை விதிகள் அனுமதிக்கின்றன. உதவி வேண்டுமானால் ஒரு கையை உயர்த்துங்கள். இது தெரிந்திருப்பதே பாதிப் பதற்றத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: நான் கொடைக்கானலில் வசிக்கும் கல்லூரி மாணவன். கண்ணெதிரே இவ்வளவு பெரிய ஏரி இருக்கும்போது, பயிற்சிக்காகச் சமவெளிக்குப் போக வேண்டுமா? வெட்சூட் (குளிர் தாங்க உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் நீச்சல் உடை) வாங்கிக்கொண்டு ஏரியிலோ பேரிஜத்திலோ அதிகாலையில் நீந்தினால் என்ன?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: தயவுசெய்து வேண்டாம். 1863இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரி படகு விடும் நீர்நிலை. நீந்துவதற்கான இடம் அல்ல. அடியில் சேறும் நீர்த்தாவரங்களும் மண்டியிருக்கின்றன; கொடிகள் காலில் சுற்றிக்கொண்டால் உதைத்து விடுபட முயல்வதே இன்னும் இறுக்கிவிடும். பேரிஜம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள, குடிநீருக்குப் பயன்படும் ஏரி. இரண்டிலும் அதிகாலையில் மீட்க ஆள் இருக்காது.

குளிரை வெட்சூட் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பீர்கள். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. குளிர்ந்த நீரில் திடீரென இறங்கியதும் முதல் ஓரிரு நிமிடத்தில், நம் விருப்பத்தைக் கேட்காமலே வாய் திறந்து மூச்சை இழுக்கும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெட்சூட் அணிந்தாலும் முகம் திறந்துதான் இருக்கிறது. மேலும், தமிழகக் கடற்கரைப் போட்டியில் அதனால் உங்களுக்குப் பயனில்லை. உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் நீரின் வெப்பநிலை 22 டிகிரிக்கு மேல் இருந்தால் வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள் (தொழில்முறை வீரர் அல்லாதவர்கள்) வெட்சூட் அணியக் கூடாது. நம் கடல் அதைவிட வெகுவாக வெதுவெதுப்பானது. அந்தப் பணத்தைப் பயிற்றுநருக்குக் கொடுங்கள்.

ஏரியை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். அதைச் சுற்றி வரும் சாலை சுமார் 5 கிலோமீட்டர். ஸ்பிரின்ட் போட்டியின் ஓட்டத் தூரமும் அதுவே. நீச்சலுக்கு, பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ தங்கி, பத்து நாள் தொடர்ந்து பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை வீதம் ஓராண்டு போய்வருவதைவிட அந்தப் பத்து நாள் அதிகம் கற்றுத்தரும்.

நீலகிரி வாசகர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா ஆகியவை மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள், அங்கே இறங்காதீர்கள். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு அமைதியாகத் தெரிந்தாலும், மேலே பில்லூர் அணையில் நீர் திறக்கப்பட்டால் நீர்மட்டம் விறுவிறுவென்று ஏறிவிடும். அங்கே உயிரிழந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு.

கேள்வி: எனக்கு வயது 52, குன்னூரில் இருக்கிறேன். சிறுவயதில் உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் கற்றேன். தலையை மேலே வைத்தபடி தவளை நீச்சலில் எவ்வளவு தூரமும் போவேன். போட்டிக்காக ஃப்ரீஸ்டைல் (கைகளை மாற்றி மாற்றி முன்னே வீசி, முகத்தை நீரில் வைத்து நீந்தும் முறை) கற்றே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: கட்டாயம் இல்லை. டிரையத்லானில் எந்த வகை நீச்சலும் அனுமதிக்கப்படுகிறது. ஆழத்தைக் கண்டு அஞ்சாத பழக்கம் உங்களிடம் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் பலர் அதற்காகத்தான் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். தவளை நீச்சலிலேயே முதல் போட்டியை முடிக்கலாம். ஒவ்வொரு உதைக்குப் பிறகும் முகத்தை நீரில் தாழ்த்தி, மூச்சை வெளியே விட்டபடி சற்று வழுக்கிச் செல்லுங்கள். கழுத்து வலியும் குறையும், வேகமும் கூடும்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த உதை முழங்காலின் உட்புறத்துக்கும் தொடைக்கும் வேலை கொடுப்பதால், சைக்கிளில் ஏறும்போது கால் கனக்கும். பயிற்சியின்போதே நீந்தி முடித்த கையோடு சைக்கிள் மிதித்துப் பழகுங்கள். இரண்டாவது, அகலமாக விரியும் உதை நெருக்கத்தில் அடுத்தவர் முகத்தில் படும். ஆகவே தொடக்கத்தில் கூட்டம் கலைய அரை நிமிடம் விட்டு, வெளி ஓரமாகப் புறப்படுங்கள். ஐம்பதைக் கடந்தவர் என்பதால், பெயர் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஃப்ரீஸ்டைலை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முதல் படி, மேலே கோத்தகிரி வாசகிக்குச் சொன்ன பேசின் பயிற்சிதான்.