முதலில் அந்தத் தார்ப்பாயை அவிழுங்கள்!

கேள்வி: பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மார்கழிப் பனிக்குப் பயந்து, ராத்திரி கூண்டைச் சுற்றி இடுக்கு விடாமல் தார்ப்பாய் கட்டிவிடுகிறேன். அப்படியும் இரண்டு கோழிக்குச் சளி பிடித்துத் தொண்டை கரகரக்கிறது. உள்ளே கரி அடுப்பு வைக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறைக்குள் கரியைக் கனலவிட்டுத் தூங்கிய மனிதர்களே பிழைக்கவில்லை, கோழி எம்மாத்திரம்!

அப்புறம் அந்தத் தார்ப்பாய். காலையில் கூண்டைத் திறந்ததும் கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால், அது வெளியே பெய்த பனி இல்லை. கோழிகள் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு. போக வழியில்லாமல் தகரத்தில் பட்டுக் குளிர்ந்து, அவற்றின் முதுகிலேயே சொட்டுகிறது. கீழே எச்சமும் நனைந்து அமோனியா நெடி கிளம்பும். நின்றபடி மோந்தால் தெரியாது. குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மோந்து பாருங்கள். கண் எரிந்தால் சளி எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்க வேண்டியதில்லை.

வளர்ந்த கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நீலகிரிக் குளிரைத் தாங்கிவிடும். ஈரத்தைத்தான் தாங்காது. எனவே கோழி உட்காரும் உயரம்வரை காற்று நேராக அடிக்காதபடி மறையுங்கள். அதற்கு மேலே, கூரையை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்திருக்கட்டும். அங்கே அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பிவலை அடித்துவிடுங்கள், மரநாய்க்கு ஒரு சாண் தாராளம்.

தரையில் உமியோ மரத்தூளோ நாலு அங்குலம் பரப்புங்கள். அவ்வப்போது ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. பிடிகொழுக்கட்டையாக நின்றால் வாரிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்புங்கள். உட்கார இரும்புக் குழாய் வைத்திருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு அங்குல அகலத்தில் தட்டையான மரச்சட்டம் வையுங்கள். அப்போதுதான் வயிற்று இறகு விரல்களை மூடும். சாயங்காலம் கொஞ்சம் மக்காச்சோளம் போடுங்கள்; அது செரிக்கும் சூடு ராத்திரிக்கு உதவும்.

சளி பிடித்த இரண்டையும் இன்றைக்கே பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: குஞ்சுகளுக்கு எல்இடி பல்பு மாட்டியும் நடுங்குகின்றனவே?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: எல்இடி வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்பு மாட்டுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லிவிடும்: பல்புக்கடியில் மொய்த்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே மூலையில் ஒண்டினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். உமியில் விழுந்தால் கூண்டே பற்றிவிடும்.

கேள்வி: குளிரில் முட்டை குறைந்துவிட்டது. தீவனத்தை மாற்றலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: தீவனத்தைவிட வெளிச்சத்தைப் பாருங்கள். மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரம்தான். நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். விளக்குப் போடுவதானால் விடியற்காலையில் போடுங்கள். ராத்திரி எரியவிட்டுப் பட்டென்று அணைத்தால், இருட்டில் சட்டத்தில் ஏறத் தெரியாமல் தரையிலேயே படுத்துவிடும்.