தனியார் மருத்துவமனையில் அரசுக்கும் பங்கு இருக்கிறதா?

இருக்கிறது. கோலாலம்பூரில் பந்தாய், கிளெனீகல்ஸ் மருத்துவமனைகளை நடத்தும் ஐஎச்எச் குழுமத்தில் ஜப்பானின் மிட்சுயி நிறுவனமும் நம் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவும் பெரிய பங்குதாரர்கள். கேபிஜே என்ற இன்னொரு தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் முக்கியப் பங்குதாரர் ஜொகூர் மாநில அரசின் ஜொகூர் கார்ப்பரேஷன். ஆக, கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய அரசுக்கே லாபத்திலும் பங்கு வருகிறது. என்னை உறுத்துவது இதுதான்.

சரி, அப்படியானால் மக்கள் பேச்சு எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஜேஎன் இருதய மருத்துவமனையைப் பாருங்கள். 1992இல் அதை நிறுவனமாக மாற்றினார்கள், ஆனால் உடைமை நிதி அமைச்சிடமே இருந்தது. 2008 இறுதியில் சைம் டார்பி என்ற பெருநிறுவனம் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்க முன்வந்தது. ஏழை நோயாளிகளின் கதி என்ன என்று நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அரசு முடிவைத் தள்ளிவைத்தது, விற்பனையும் நடக்கவில்லை.

அன்றாட பில்லில் மட்டும் நம் குரல் அவ்வளவாக எட்டுவதில்லை. தனியார் மருத்துவரின் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. மருந்து, கையுறை, அறை வாடகைக்கு அப்படி இல்லை. அங்கே மருத்துவமனையும் காப்புறுதி நிறுவனமும்தான் பேரம் பேசுகின்றன, பிரீமியம் கட்டுகிற நம்மை யாரும் அந்த மேசைக்கு அழைப்பதில்லை.