மன்னார்குடி வீட்டை விற்கலாமா?

அன்புள்ள ஐயா,

என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது 66, எனக்கு 61. மன்னார்குடியில் சொந்த வீடு. ஒரே மகன் சென்னை பெருங்களத்தூரில் வாடகைக்கு இருக்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பேரனுக்கு நான்கு வயது. ஊர் வீட்டை விற்றுப் பணம் கொடுத்தால், மீதிக்குக் கடன் வாங்கி மூன்று படுக்கையறை ஃபிளாட் வாங்கலாம், எல்லாரும் ஒன்றாக இருக்கலாம் என்கிறான் மகன். வீட்டை 48 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். பத்திரம் தன் பெயரில் மட்டும் இருந்தால் கடன் கிடைப்பது எளிது என்றும் சொல்கிறான். கணவருக்குச் சம்மதம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மகனைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்று வாய் திறக்கவும் முடியவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

உங்கள் தயக்கத்துக்குச் சந்தேகம் என்று பேர் வைக்காதீர்கள். இத்தனை வருடம் ஒரு வீட்டை நடத்தியவருக்கு வரும் முன்யோசனை அது. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் போங்கள். வீட்டை விற்காதீர்கள். மகன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சின்னதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு வருடமாவது இருந்து பாருங்கள். ஊர் வீட்டை அதுவரை வாடகைக்கு விடுங்கள்.

இப்படிச் சொல்வதற்கு என் அப்பாதான் காரணம். அம்மா காலமான பிறகு அவரை எங்களோடு அழைத்து வந்தோம். தனி அறை, தனிக் கழிவறை, ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் நாலு மணி அடித்தால் அவரே பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் காபி கலப்பார். எங்கள் வீட்டில் நாலு மணிக்குச் சமையலறை வாசல் வரை வருவார். உள்ளே என் மனைவி ஏதாவது வேலையாக இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவார். ஒருநாள் துவைத்த துணியை அவர் அலமாரியில் அடுக்கப் போனேன். வேட்டிகளுக்குப் பக்கத்தில் அவருடைய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு கைக்குட்டையின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். எங்கள் பாத்திர அடுக்கில் அதற்கு எது இடம் என்று கேட்க அவருக்குக் கூச்சம். எட்டு மாதம் என் அப்பா என் வீட்டில் விருந்தாளியாக இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு அறையும் சமையலறையும் கொண்ட போர்ஷன் கிடைத்தது. குடிபோன மறுநாள் சாயங்காலம் போன் செய்தார். "காபி போட்டிருக்கிறேன், வருகிறாயா?" அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

தனி வீடு எடுத்தாலே ஏதோ சண்டை என்று நம் ஊரில் பேசுவார்கள். பேசட்டும். சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய வீட்டை மறுவிற்பனையில் வாங்கும் குடும்பம் பெற்றோரோடு சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மானியம். 4 கிலோமீட்டருக்குள் தனியாக வாழ்ந்தால் 20,000 வெள்ளி. பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து இருப்பதில் சேர்த்திதான் என்று அங்கே அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது.

இனி பணம். உங்கள் கணவர் நூறு வயது இருக்கட்டும். ஆனால் அவருக்குப் பிறகு உங்களுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். முழுப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால், இது 30 சதவீதம்தான். வீட்டுப் பணம் 48 லட்சமும் மகனுடைய ஃபிளாட்டுக்குள் போய்விட்டால், அந்த 30 சதவீதத்தோடு மகன் முகத்தைப் பார்த்து நிற்கப் போகிறவர் நீங்கள். உங்கள் கணவருக்கு இது உறைக்காமல் இருப்பது இயல்பு. உங்களுக்கு உறைத்திருக்கிறது.

மகன் சொல்வதிலும் பொய் இல்லை. பத்திரத்தில் பெயர் உள்ள எல்லாரையும் கடனிலும் சேரச் சொல்வது வங்கிகளின் வழக்கம். ஓய்வு பெற்றவர் என்றால் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள். அலைச்சல் உண்டு. அதற்காகப் பத்திரத்தில் உங்கள் பெயரை விட்டுவிட முடியாது. ஒரு வருடம் கழித்துச் சேர்ந்து வாங்குவதென்று முடிவானால், போட்ட பணத்துக்கு உரிய பாகம் உங்கள் பெயரிலும் கணவர் பெயரிலும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். ஊர் வீடு விற்ற லாபத்துக்கு வரிவிலக்குக் கேட்பதற்கும் அதுவே பாதுகாப்பு. கையில் இருப்பது முழுவதையும் போடாதீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டி என்று கணக்கிட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். கொஞ்சமாவது உங்கள் பெயரில் போட்டு வையுங்கள்.

"சட்டம் இருக்கிறதே" என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொன்னது. ஆனால் நீங்கள் கொடுக்கப்போவது வீட்டை அல்ல, வீடு விற்ற பணத்தை. மகன் பெயரில் வாங்கிய ஃபிளாட்டுக்குள் உங்கள் பணம் இருக்கிறது என்று பத்திரம் எங்கும் சொல்லாது. பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் நிலை எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் மருமகள் ஒரே வரியில் வருகிறார், வேலைக்குப் போகிறார் என்று. அடுத்த வரியிலேயே பேரன். மகன் கேட்பதில் பாதி, குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பதில் தவறில்லை, பார்த்துக்கொள்வது உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது வேலை. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஞாயிற்றுக்கிழமை யார், உங்களுக்கு முழங்கால் வலித்தால் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் இப்போதே பேசிவிடுங்கள். மருமகளுக்கு இந்த ஏற்பாட்டில் உண்மையாகவே சம்மதமா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. மகன் வழியாகக் கேட்காதீர்கள், அவர் சொல்வது மகன் வாயில் வேறாக மாறி வரும். நீங்களே போன் செய்யுங்கள். வீட்டுப் பேச்சை அன்றே எடுக்க வேண்டாம். நாலு மணிக்கு அந்த வீட்டில் யார் காபி போடுவார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்.