கிளீட்டுக்கு அடியில் எந்தத் தகடு? படகு வாங்கியவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கொழும்பு முகத்துவாரத்தில் வசிக்கிறேன். மைத்துனருடன் சேர்ந்து 26 அடி நீளமான பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கினேன். முன்பக்கத்தில் கயிறு கட்டும் கிளீட் ஆடுகிறது. கழற்றிப் பார்த்தால் தளத்தின் அடியில் சிறிய வாஷர்கள் மட்டுமே இருந்தன. தகடு வைக்க வேண்டும் என்கிறார் படகு திருத்தும் பாஸ். தன்னிடம் மிஞ்சிய பிளைவுட் துண்டே போதுமாம். தரகர் ஒருவரோ 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டவும் செய்தார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முற்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

துறையில் கட்டிக் கிடக்கும் படகு ஒவ்வோர் அலைக்கும் கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறது. அந்த இழுவை முழுவதும் நான்கு போல்ட்டுகள் வழியாக நான்கு சின்ன வாஷர்களில் போய் நிற்கிறது. கண்ணாடியிழைத் தளம் பரந்து வரும் பாரத்தைத் தாங்கும். ஒரே புள்ளியில் வருவதற்கு நசுங்கிவிடும். கிளீட்டைச் சுற்றி மேற்பூச்சில் நட்சத்திர வடிவில் மயிர்வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், தளம் வளையத் தொடங்கி நாளாகிவிட்டது. அடித்தகட்டின் வேலை அந்த இழுவையைப் பரப்பிவிடுவது மட்டும்தான். பளபளப்பதற்கு அங்கே வேலையில்லை, இருட்டில் கிடக்கப் போகிறது.

இனி அந்தக் காந்த வித்தை. 316 தரத்தில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. 304 தரத்திலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்யும் 201 என்ற மலிவுத் தரத்திலும் ஒட்டாது. வீட்டுப் படிக்கட்டின் கைபிடிக்கு 201 போதும். கடல்நீர் பட்டால் சீக்கிரமே பழுப்பாக வழியும். 316 உப்பைத் தாங்குவதற்குக் காரணம் அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருக்கும் மொலிப்டினம் என்ற உலோகம். காந்தத்துக்கு மொலிப்டினம் தெரியாது. இன்னும் வேடிக்கை, வளைத்த அல்லது வெட்டிய இடத்தில் அசல் 316 கூட இலேசாகக் காந்தத்தை இழுக்கும்! ஆகவே அந்தச் சோதனை நல்லதைத் தள்ளவும் கெட்டதை வாங்கவும் வைக்கும்.

தரத்தை அறிய வேறு வழிகள் இருக்கின்றன. உருக்காலையின் சான்றிதழில் வார்ப்பு இலக்கம் இருக்கும். அதே இலக்கம் தகட்டிலும் அச்சாகியிருக்க வேண்டும். பழைய சோனகத் தெருவில் நாணயமான வியாபாரிகள் கேட்டால் காட்டுவார்கள். தரகர் கொண்டுவருவது பெரும்பாலும் வெட்டிய துண்டு. அதில் இலக்கம் இருக்காது. கையில் ஒரு சான்றிதழ்ப் பிரதி இருக்கும். அது எந்தத் தகட்டுக்கு உரியது என்பது அவருக்கே தெரியாது. மொலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் சொட்டு மருந்தும் விற்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், விலை எப்படி இறங்குகிறது என்று தெரியும்.

இதையெல்லாம் படகுச் சொந்தக்காரர்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்பது எரிச்சலான விடயம். பரிசோதனைக்கு வருபவர் உயிர்காப்பு அங்கிகளை எண்ணுவார், தாள்களைப் புரட்டுவார், மேல்தளத்தில் நின்றபடியே கையெழுத்திடுவார். அடியில் கைவிட்டு ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தவரை நான் கண்டதில்லை. காப்புறுதிக்காரரோ கிளீட் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் வருவார்.

சரி, அசல் 316 கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் படகுக்கு அது தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காற்றுப் பட வேண்டும். தகட்டுக்கும் தளத்துக்கும் இடையில் ஈரம் அடைபட்டு நின்றால் கண்ணுக்குத் தெரியாமல் குழிகுழியாக அரிக்கும்.

உங்களுக்கு வேண்டியது 10 மில்லிமீற்றர் தடிப்பான கண்ணாடியிழைத் தகடு. அரிக்காது, உக்காது, தளத்தோடு ஒரே இனமாக ஒட்டும். கண்ணாடியிழைத் துணியை எபொக்ஸி என்ற ஒட்டுப்பிசினில் அழுத்திச் செய்த ஜி10 தகடு மின்சாரக் காப்புப் பொருள் விற்பவர்களிடம் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் அதே பெயரைச் சொல்லி, காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்த பழுப்பு நிறப் பேக்கலைட்டைத் தள்ளிவிடுவார்கள். அது நீரை உறிஞ்சும். வெட்டிய விளிம்பில் கண்ணாடி இழை தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதையும் விட நல்லது, உங்கள் பாஸிடமே தகட்டை வார்க்கச் சொல்வது. மெழுகு பூசிய ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மேட் எனப்படும், சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை விரிப்பை ரெசின் என்ற திரவப் பிசினில் நனைத்து அடுக்க வேண்டும். ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வரும். பத்து அடுக்கு போதும். பத்தையும் ஒரே மூச்சில் போட்டால் ரெசின் சூடேறி வெடிக்கும். மூன்று மூன்றாகப் போட்டு ஆறவிட வேண்டும். கிளீட்டின் அடிப்பாகத்தைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலமாவது பெரிதாக வெட்டி, மூலைகளை உருட்டி, விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். கூரான விளிம்பு இருந்தால் தளம் அந்தக் கோட்டில் வெடிக்கும்.

அலுமினியம் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் போல்ட் தொட்ட இடத்தில் உப்புநீர் அதை வெள்ளை மாவாக்கிவிடும். சமையலறை வெட்டுப் பலகைப் பிளாஸ்டிக்கும் வேண்டாம்; இறுக்க இறுக்கப் பிதுங்கும்.

பிளைவுட்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பாஸ் பிடிவாதக்காரர், பலகையும் சும்மா கிடைக்கிறது என்றால் ஒரு விதத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளலாம். பலகை 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டாக இருக்க வேண்டும். அதற்கான பிரித்தானியத் தரமான பிஎஸ் 1088 முத்திரை உள்ளது நல்லது. போல்ட் 10 மில்லிமீற்றர் என்றால் துளையை 16 மில்லிமீற்றராகப் போடச் சொல்லுங்கள். அந்தத் துளைக்குள் தூள் கலந்து கட்டியாக்கிய எபொக்ஸியை நிரப்பி, மறுநாள் அதன் நடுவில் 10 மில்லிமீற்றர் துளை போட வேண்டும். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, எபொக்ஸிக் குழாய்தான் இருக்கிறது. நீர் இறங்கினாலும் பலகைக்குள் போகாது. விளிம்புகள் குடிக்கிற மட்டும் எபொக்ஸியைக் குடிக்கவிட வேண்டும். அதன் மேல் பெரிய தடித்த வாஷர்கள். பாஸ் இவ்வளவையும் பொறுமையாகச் செய்வாரா? செய்வார் என்றால் பலகை பல வருடம் நிற்கும். வெறும் பெயின்ட் அடித்து முடுக்கினால் வெளியே பளிச்சென்றும் உள்ளே ஈரப் பஞ்சாகவும் இருக்கும். மேல்தளத்தின் இரண்டு கண்ணாடியிழைப் படைகளுக்கு நடுவில் பால்சா மரமோ நுரையோ இருந்தாலும் இதே துளை வைத்தியம்தான்.

எந்தத் தகடானாலும் காய்ந்த தளத்தின் மேல் அப்படியே வைத்து முடுக்காதீர்கள். தளத்தின் அடிப்பக்கம் சொரசொரப்பாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும். கட்டியான எபொக்ஸியைப் பூசி அதில் தகட்டைப் படியவையுங்கள். மேலே கிளீட்டின் அடியில் நீர் இறங்காமல் அடைக்க, கடல் வேலைக்கான பொலியூரிதேன் பசை பூசுங்கள், குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். மிச்சமான காசை போல்ட்டுகளில் போடுங்கள்: தலையில் ஏ4 என்று முத்திரை இருப்பவை 316 தரம், ஏ2 என்றிருப்பவை 304. முத்திரையே இல்லாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று எழுவதற்கு முன் வேலையை முடித்து, சில வாரம் கழித்து நட்டுகளை ஒரு முறை சாவி போட்டுப் பாருங்கள்.