காட்ஸ்வோல்ட்ஸ்ல சைக்கிள் டூர் போகணும்னா கைட்டிங் பவர்ல தங்குங்க

கேட்டிருக்கிறது இதுதான்: "இங்கிலாந்துல ஒரே கிராமத்துல நாலு நாள் தங்கி சுத்து வட்டாரத்த சைக்கிள்ல பாக்கணும். மேடு பள்ளம் இருந்தா பரவால்ல, மெயின் ரோடு மட்டும் வேணாம். எந்த ஊரு, எந்த ரூட்டு?"

நான் ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கேன், ஆறு வருஷமா லீவு கிடைச்சா சைக்கிள்ல பேக மாட்டிக்கிட்டு பக்கத்துல இருக்கிற காட்ஸ்வோல்ட்ஸ் மேட்டுநிலத்து பக்கம் தான் போவேன், அதனால என் பதில் கைட்டிங் பவர். வின்ட்ரஷ் ஆத்தோட மேல்பகுதியில இருக்கிற சின்ன ஊரு, நடுவுல ஒரு புல்வெளி, ஒரு போர் நினைவு சிலுவை, சுத்தி தேன் கலர் சுண்ணாம்புக்கல் வீடுங்க, அவ்வளவுதான். எல்லாரும் போற போர்ட்டன் ஆன் த வாட்டர்ல தங்க சொல்ல மாட்டேன், அங்க கோடைல காலை பத்து மணிக்கு மேல சைக்கிள உருட்டக் கூட இடம் இருக்காது. டென்ட் போடணும்னா ஊருக்கு பக்கத்துலயே காட்ஸ்வோல்ட் ஃபார்ம் பார்க்குல கேம்ப்சைட் இருக்கு. 1971-ல ஆரம்பிச்ச பண்ணை, அழிஞ்சு போக இருந்த ஆடு மாடு இனங்கள அங்க வளர்க்கிறாங்க.

ரூட்டுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், நான் இத புரிஞ்சுக்க ரெண்டு வருஷம் ஆச்சு. காட்ஸ்வோல்ட்ஸ் ஒரு பக்கம் தூக்கி வெச்ச பலகை மாதிரி. மேற்கு விளிம்பு செங்குத்தா விழும், அங்கிருந்து தென்கிழக்கா மெதுவா சாஞ்சுக்கிட்டே போகும். ஆறுங்க எல்லாம் அந்த சாய்வுலதான் ஓடி தேம்ஸ்ல சேருது. உச்சியே க்ளீவ் ஹில் 330 மீட்டர்தான், நம்ம ஊர் மலைய பாத்தவங்களுக்கு இது ஒரு உயரமான்னு தோணும். ஆனா ஆத்து ஓரமா போனா காலுக்கு சுகம், ஆத்த குறுக்க வெட்டி போனா ஒவ்வொரு பள்ளத்துலயும் இறங்கி ஏறணும், 60 மீட்டர் 80 மீட்டர்னு, சாயங்காலத்துக்குள்ள அதெல்லாம் சேர்ந்து தொடைய இறுக்கிடும். அதனால தூரத்த பாத்து பிளான் போடாதீங்க, மேப்புல இருக்கிற உயரக் கோட்ட பாத்து போடுங்க.

மேப்புன்னா போன் மட்டும் போதாது, பள்ளத்துல சிக்னல் போயிடும். பிரிட்டன் அரசோட மேப் நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே போடற எக்ஸ்ப்ளோரர் ஓஎல்45-ங்கிற பேப்பர் மேப்ப வாங்கிக்கோங்க. மஞ்சள் கலர்ல இருக்கிற ரோடுதான் உங்க ரோடு. அந்த ரோட்டு மேல ஒரு அம்புக்குறி இருந்தா 14 சதவீதத்துக்கு மேல ஏத்தம், ரெட்டை அம்புன்னா 20-க்கு மேல, பேக் மாட்டின சைக்கிள்ல ரெட்டை அம்ப ஏறணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல, இறங்கி தள்ளுங்க. பச்சைல நீளக் கோடா போறது பிரைடில்வே, குதிரைப் பாதை, 1968 சட்டத்துல இருந்து அதுல சைக்கிளும் போகலாம், ஆனா நடக்கிறவங்களுக்கும் குதிரைக்கும் வழி விடணும். குட்டிக் கோடா இருந்தா ஃபுட்பாத், அதுல ஓட்டக் கூடாது.

எனக்கு ரொம்ப பிடிச்ச சுத்து இது, சுமார் 28 மைல், அதாவது 45 கிலோமீட்டர். கைட்டிங் பவர்ல கிளம்பி கினெட்டன், டெம்பிள் கைட்டிங், ஃபோர்டு, கட்ஸ்டீன்னு வின்ட்ரஷ் பொறக்கிற இடம் வரைக்கும் மேல போறீங்க. இங்க ஆறுன்னு சொல்றது ஒரு தாண்டு தாண்டற அகலம்தான், ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். கட்ஸ்டீன் தாண்டினதும் மரமெல்லாம் முடிஞ்சு திறந்த மேட்டுநிலம், காத்து பெரும்பாலும் தென்மேற்குல இருந்து வரும், வடக்க போற உங்கள பின்னாடி இருந்து முன்னால தள்ளி விடும். நான் எப்பவும் இந்த சுத்த இந்த திசைலதான் போவேன், காரணமே அந்தக் காத்துதான். ஸ்னோஸ்ஹில்கிட்ட ஜூன் கடைசி, ஜூலைன்னா லாவெண்டர் வயல் பூத்திருக்கும். அங்கிருந்து பிராட்வேக்கு விளிம்புல இருந்து கீழ விழற மாதிரி இறக்கம், ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டு பிடிங்க, மழை பேஞ்ச மறுநாள்னா வளைவுல சரளைக்கல்லு வழிஞ்சு கிடக்கும்.

பிராட்வேல இருந்து ஸ்டான்டன் திரும்பற வரைக்கும் ரெண்டு மூணு மைல் பி4632-ங்கிற பெரிய ரோடுதான், வண்டி வரும், வேற நல்ல வழி இல்ல, சீக்கிரம் கடந்துடுங்க. ஸ்டான்டன், ஸ்டான்வே, டிட்புரூக், ஹெயில்ஸ் வரைக்கும் அடிவாரத்த ஒட்டியே போற வழிதான் இந்த வட்டாரத்துலயே ரொம்ப அமைதியான ரோடுன்னு நான் சொல்லுவேன். ஸ்டான்வே மாளிகைல ஒரு நீரூற்று இருக்கு, 300 அடி எழும்பும், பம்ப் கிடையாது, மேட்டு மேல இருக்கிற குளத்துல இருந்து குழாய்ல இறங்கி வர்ற தண்ணி, அந்த மேட்டோட உயரம்தான் அவ்வளவு தூரம் தள்ளுது. அத பாத்த அன்னைக்குதான் எந்த மேட்டுல ஏறி இறங்கிக்கிட்டு இருக்கேன்னு எனக்கு முழுசா உறைச்சுது. திரும்பறதுக்கு ஸ்டான்வே ஹில்ல எடுக்காதீங்க, அந்த பி4077-ல கார் வேகமா வரும். வின்ச்கோம்ப் போய் நல்லா சாப்பிட்டு, சூட்லி கோட்டை பக்கமா ஏறுங்க. 150 மீட்டருக்கு மேல ஏத்தம், சின்ன கியர்ல பொறுமையா மிதிச்சா மேல போய் திரும்பிப் பாக்கும்போது மால்வர்ன் மலை வரைக்கும் தெரியும், அப்புறம் ஊரு வரைக்கும் இறங்கு முகம்.

அடுத்த நாள் கால் வலிச்சா தெற்க போங்க, நான்டன்ல பழைய புறாக்கூண்டு கட்டடம் ஒண்ணு இருக்கு, அத பாத்துட்டு பி4068-ல கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் திரும்பினா அப்பர் ஸ்லாட்டர், லோயர் ஸ்லாட்டர். பேர கேட்டு பயப்படாதீங்க, வெட்டிக் கொல்றதுங்கிற ஸ்லாட்டர் இல்ல இது, சேத்து நிலம்னு அர்த்தம் வர்ற பழைய சொல்லு அது. அப்பர் ஸ்லாட்டர்ல இருந்து ரெண்டு உலகப் போருக்கும் போனவங்க எல்லாருமே உயிரோட திரும்பி வந்தாங்க. ஊருக்கு ஊரு நினைவுச் சின்னத்துல வரிசையா பேர படிச்சுட்டு வர்றவங்களுக்கு இங்க வந்ததும் மனசு என்னமோ பண்ணும். போர்ட்டன் பாக்கணும்னா காலை ஒன்பதுக்குள்ள பாத்துட்டு வந்துடுங்க.

எப்ப போறதுன்னா, மே கடைசில இருந்து ஜூலை நடு வரைக்கும். ஜூன்ல ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அக்டோபர்ல போனா வேற ஒரு தொல்லை. மார்ச்சுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பறவை கூடு கட்டற காலம்னு விவசாயிங்க வயல் ஓரத்து செடி வேலிய வெட்டக் கூடாது, அதுக்கப்புறம் டிராக்டர்ல எல்லா வேலியையும் கழிப்பாங்க, அந்த வேலில இருக்கிற ஹாதார்ன் செடியோட முள்ளு ரோடு பூரா கிடக்கும். ஹெயில்ஸ் பக்கம் ஒரு மத்தியானத்துல எனக்கு மூணு பஞ்சர். முதல் தடவை ட்யூப மட்டும் மாத்திட்டு கிளம்பிட்டேன், முள்ளு நுனி ஒண்ணு டயர் உள்பக்கம் மயிரிழை அளவு நீட்டிக்கிட்டு நின்னத பாக்கல, அதுவே புது ட்யூபையும் குத்திடுச்சு. அதனால மாத்தறதுக்கு முன்னாடி டயர் உள்ள விரல மெதுவா ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க, தட்டுப்பட்டா குறடால பிடுங்குங்க. 32 மில்லிமீட்டர் டயர், ரெண்டு ட்யூப், குட்டி குறடு. இதுல எதையும் குறைக்காதீங்க.

சாப்பாட்டுக்கு பப்ப நம்பி இருக்காதீங்க, பெரும்பாலான இடத்துல மதியம் ரெண்டு ரெண்டரைக்கு அடுப்ப அணைச்சுடுவாங்க, பைல எப்பவும் ரெண்டு வாழைப்பழமும் ஒரு ஃப்ளாப்ஜேக்கும் (ஓட்ஸ்ல செய்யற இனிப்பு) இருக்கட்டும்.

லண்டன்ல இருந்து வர்றதா இருந்தா பாடிங்டன்ல ஏறி மோர்ட்டன் இன் மார்ஷ்ல இறங்குங்க, ஒண்ணரை மணி நேரம் சொச்சம். சைக்கிளுக்கும் முன்னாடியே இடம் ரிசர்வ் பண்ணிடுங்க, தனி காசு கிடையாது. அங்கிருந்து லாங்பரோ, காண்டிகோட் வழியா கைட்டிங் பவர் பத்து பதினோரு மைல். அந்த வழிக்கு பக்கத்துலயே செஸின்கோட்னு ஒரு மாளிகை, ஈஸ்ட் இந்தியா கம்பெனில சம்பாதிச்சு திரும்பின ஒருத்தருக்காக 1805 வாக்குல முகலாய பாணில கட்டினது, ஆங்கிலேய புல்வெளி நடுவுல செம்பு குவிமாடம் பச்சையா நிக்கும். நம்ம பக்கத்து காசு எங்கெல்லாம் வந்து கட்டடமா நிக்குதுன்னு யோசிக்காம என்னால அத பாக்க முடியல. எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்த பாத்துட்டு போங்க. திரும்பற அன்னைக்கு வெச்சுக்கிட்டா நல்லது, ஒரு ரயில விட்டாலும் சுமார் ஒரு மணி நேரத்துல அடுத்தது வரும், ஆனா சைக்கிள் ரிசர்வேஷன் எந்த ரயிலுக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.