புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்க்கிறாளே!

கேள்வி: மகளுக்கு இரண்டு மாதம். அம்மாவும் பாப்பாவுமாக வரும் படக்கதைப் புத்தகங்கள் நான்கைந்து பரிசாக வந்திருக்கின்றன. வாசித்தால் என் முகத்தையேதான் பார்க்கிறாள். இப்போது வாசிப்பது வீணா?

வீணே இல்லை, வாசியுங்கள். அந்த வயதில் உங்கள் முகத்தைவிடச் சுவாரஸ்யமான படம் அவளுக்குக் கிடையாது. பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான், மடியில் பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு மாதத்திலும் பெரிதாக மாறிவிடாது. புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்தால் அவளுக்கு அது மங்கலான ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

உங்கள் குரலின் விஷயமே வேறு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே அவள் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டாள். டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் ஒரு சோதனை செய்தார்கள்: ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தைப் பொறுத்து அம்மாவின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், அம்மாவின் குரல் வரும்படியாகத் தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டன!

அதனால் இந்த மாதங்களில் புத்தகம் உங்கள் வாய்க்குப் பிடித்திருந்தால் போதும். ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்குகிறது, நெளிய வைக்கிறது என்றால் ஓரமாக வையுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற கதை நல்லது, அதை இழுத்து, ராகம் போட்டு, கொஞ்சிச் சொல்லலாம். படத்தைப் பொறுத்தவரை, இந்த வகைப் புத்தகங்களில் பாதி வெளிறிய நிறங்களில் பனிமூட்டமாக இருக்கும், அந்த அழகெல்லாம் பெரியவர்களுக்குத்தான். பக்கத்துக்கு ஒரு பெரிய முகம், அழுத்தமான கோடு, வெளுப்பும் கருப்பும் பளிச்சென்று பிரிந்திருப்பது, இப்படி ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

நான்கைந்து மாதத்தில் எல்லாமே வாய்க்குப் போகும். அப்போது கெட்டி அட்டைப் புத்தகம்தான் தாங்கும், மெல்லிய தாள் புத்தகங்களை அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். ஒன்பது மாத வாக்கில் நீங்கள் விரல் நீட்டும் இடத்தை அவள் பார்ப்பாள், "பாப்பா எங்கே?" என்று கேட்கும் விளையாட்டு அப்போதுதான் களைகட்டும்.

இன்னொன்று, இந்தக் கதைகளில் வரும் அம்மாக்கள் தூக்கம் கெட்டவர்களாகத் தெரிவதே இல்லை! அதைப் படித்து 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று தோன்றினால் அந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள், குறை உங்களிடம் இல்லை. ஆனால் மனபாரமோ அழுகையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

முழுசாக முடிக்க வேண்டும் என்பதில்லை. முகத்தைத் திருப்புகிறாள், கொட்டாவி விடுகிறாள், முதுகை வளைக்கிறாள் என்றால் மூன்றாம் பக்கத்திலேயே நிறுத்தலாம். கதையில் வரும் பெயருக்குப் பதிலாக அவள் பெயரைப் போட்டு வாசித்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.